நிலவின் குறுக்கே போவது என்ன?

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம், செயற்கைக்கோள்கள் நிலவுக்குப் பக்கத்திலும் நிலவுக்குக் குறுக்கேயும் போவதைப் பார்ப்பதும், அதைப் படம் பிடிப்பதும் என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், "இது படித்த பெரிய மனிதர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து பேசவேண்டிய சங்கதியாயிற்றே, சுரங்கத்தில் மண் தள்ளுகிறவனுக்கும் பவர் ஹவுஸில் கொதிகலனைக் காக்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணக்கூடும். அப்படி எண்ணும்படி நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. வானத்தைப் பற்றிப் பேசுகிற உரிமை பஞ்சாங்கம் கையில் வைத்திருக்கிறவனுக்கே உண்டு என்று நெடுங்காலமாக நினைத்துவிட்டோம். நானும் காலேஜ் வாசற்படியை மிதித்தவனல்லன். புத்தகங்களைப் புரட்டியும், தெரிந்தவர்களைக் கேட்டும், கணக்குப் போட்டும் அறிந்துகொண்டவற்றைச் சொல்லுகிறேன். நான் சொல்வதற்காக எதையும் நம்பவேண்டாம். இன்றைய பேச்சின் ஒவ்வொரு விஷயத்தையும் நீங்கள் உங்கள் வீட்டு மாடியில் நின்று சரிபார்க்கலாம். பரிசோதித்த பிறகு சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

விஷயம் இதுதான்

மாலையில் விளக்கு வைத்தபின் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்திற்குள்ளும், விடியற்காலையில் கிழக்கு வெளுப்பதற்கு முன்னும் வானத்தை அண்ணாந்து பார்த்தால், நட்சத்திரம் போன்ற புள்ளிகள் சத்தமில்லாமல் நகர்ந்து போவதைக் காணலாம். ஆகாய விமானத்திற்கு மின்னி மின்னி எரியும் விளக்குகள் உண்டு. இவற்றுக்கு அப்படி இல்லை. இவைதான் செயற்கைக்கோள்கள். இவற்றில் மிகப் பெரியது பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பது. 1998ஆம் வருஷம் முதல் துண்டு துண்டாக மேலே கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டியது. 2000ஆம் வருஷம் நவம்பர் முதல் இன்றுவரை அதில் ஒரு நாள்கூட மனிதர் இல்லாமல் இருந்ததில்லை. 2025ஆம் வருஷம் ஜூனில் நம் நாட்டு சுபான்ஷு சுக்லாவும் அங்கே போய்த் தங்கி, ஜூலையில் திரும்பி வந்தார். அதன் நீளம் ஏறக்குறைய 109 மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தின் அளவு. சூரிய வெளிச்சம் படும்போது அது சுக்கிரனைப்போலப் பிரகாசிக்கும்.

இந்த நிலையம் தன் பாதையில் போகும்போது, சில இடங்களில் நிற்பவர்களுடைய கண்ணுக்கும் நிலவுக்கும் நேர் நடுவே வந்துவிடுகிறது. அப்போது நிலவின் தட்டின் மேல் ஒரு சிறு உருவம் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறுகிறது. எவ்வளவு நேரம் தெரியுமா? அரை வினாடி. கண்ணை இமைத்தால் போச்சு. அந்த அரை வினாடிக்காக உலகத்தின் பல தேசங்களிலும் குமாஸ்தாக்களும், பள்ளிக்கூட வாத்தியார்களும், மெக்கானிக்குகளும், மாணவர்களும் காமிராவைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்; பிடித்தும் விடுகிறார்கள். அந்தப் படத்தில் நிலவின் பள்ளங்களுக்கு மேலே, சிறகு விரித்த பூச்சிபோல, அந்த நிலையத்தின் தகடுகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

பக்கம் என்பது கண்ணின் மயக்கம்

"நிலவுக்குப் பக்கத்தில் போகிறது" என்று சொன்னேன். உண்மையில் அது நிலவுக்குப் பக்கத்தில் போகவில்லை. குழந்தைக்கு நிலாக் காட்டுகிற தாய், "அதோ, அந்தத் தென்னை ஓலை மேலே பார்" என்கிறாள். நிலா தென்னை ஓலையிலா உட்கார்ந்திருக்கிறது? விண்வெளி நிலையம் நமக்கு மேலே சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோட்டில் என்ன தூரமோ அவ்வளவுதான். நிலவோ சராசரி 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதாவது விண்வெளி நிலையம் இருக்கும் தூரத்தைப்போல் தொள்ளாயிரம் மடங்குக்கு மேல்.

இதை எவனோ ஒருவன் சொன்னான் என்று ஏற்க வேண்டியதில்லை. கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்; பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறித் தோன்றும். தூரத்து மரம் மாறாது. கிட்ட இருப்பது அதிகம் நகரும். எட்ட இருப்பது நகராது. இதே வேலையை இரண்டு கண்ணுக்குப் பதில் இரண்டு ஊரை வைத்துச் செய்யலாம். நெய்வேலியில் ஒரு தோழரும், வடலூர்ப் பக்கம் மற்றொரு தோழரும் நின்று, ஒரே வினாடியில் நிலவையும் செயற்கைக்கோளையும் சேர்த்துப் படம் எடுக்கட்டும். கணக்குக்காக இருவருக்கும் இடைத்தூரம் பத்துக் கிலோமீட்டர் என்றும், செயற்கைக்கோள் நேர் தலைக்குமேல் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இவருடைய படத்தில் அது நிலவின் மேலேயே இருந்தால், அவருடைய படத்தில் நிலவைவிட்டு ஏறக்குறைய இரண்டரை நிலவகலம் தள்ளி இருக்கும். நிலவகலம் என்பது பாகையில் அரைக்குச் சற்று அதிகம். ஆகவே இடமாற்றம் ஒன்றேகால் பாகைக்கு மேலே, திட்டமாக அளந்தால் 1.36 பாகை வரும். ஒரு பாகை அகலமாகத் தெரிகிற பொருள் தன் அகலத்தைப்போல் 57 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. பத்தை 57ஆல் பெருக்கி 1.36ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 420 கிலோமீட்டர்! ஆகாயத்தில் ஏணி வைக்காமல், ஒருவர் தயவும் இல்லாமல், இரண்டு தொழிலாளிகள் விண்வெளி நிலையத்தின் உயரத்தை அளந்துவிட்டார்கள். இதற்கு என்ன ஜாதி வேண்டும்? என்ன மந்திரம் வேண்டும்? ஒரு கடிகாரமும், ஒரு காமிராவும், ஒரு பென்சிலும் போதும்.

ராகு எங்கே?

அடுத்தது, இந்தச் செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. சூரிய வெளிச்சம் பட்டால் தெரியும், படாவிட்டால் தெரியாது. மாலையில் மேற்கே கிளம்பிக் கிழக்கே போகிற விண்வெளி நிலையம் சில சமயம் நடுவானத்திலேயே மங்கிச் சிவந்து அணைந்துபோகிறது. பார்க்கிறவன் பயந்துவிடுவான். ஆனால் நடந்தது என்ன? பூமியின் நிழலுக்குள் அது நுழைந்துவிட்டது; அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மறுபுறம் வெளியே வந்து மீண்டும் பிரகாசிக்கும்.

தோழர்களே! சந்திர கிரகணம் என்பதும் இதுவே. 2025ஆம் வருஷம் செப்டம்பர் 7ஆம் தேதி இரவு முழுச் சந்திர கிரகணம் நம் தேசம் முழுவதும் தெரிந்தது. ஏறக்குறைய 82 நிமிஷம் நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் செம்புத் தட்டுப்போல் நின்றது. அன்று எத்தனை வீட்டில் சாப்பாட்டில் தர்ப்பையைப் போட்டார்கள்! எத்தனை கோயில் நடையைச் சாத்தினார்கள்! எத்தனை கர்ப்பிணிப் பெண்களை இருட்டறையில் உட்கார வைத்தார்கள்! ராகு என்ற பாம்பு நிலவை விழுங்குகிறதாம், தீட்டாம்.

சரி, நான் கேட்கிறேன். விண்வெளி நிலையம் ஏறக்குறைய 93 நிமிஷத்திற்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து பதினாறு தடவை. பெரும்பாலான நாட்களில் ஒவ்வொரு சுற்றிலும் அது பூமியின் நிழலுக்குள் புகுந்து புறப்படுகிறது. அப்படியானால் ஒரு நாளில் பதினைந்து தடவை இந்த ராகு அதை விழுங்கிக் கக்கிக்கொண்டிருக்கிறானா? அதிலே இருக்கிற மனிதர்கள் ஒவ்வொரு தடவையும் தலை முழுகித் தர்ப்பை போட்டுத்தான் சாப்பிடுகிறார்களா? அவர்களுக்கு ஒரு தீட்டும் வரவில்லையே! நிலவு நிழலுக்குள் போனால் பாம்பு, செயற்கைக்கோள் நிழலுக்குள் போனால் கணக்கு என்று இரண்டு நியாயம் எப்படி இருக்க முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரகணம் நிழலால் உண்டாவது என்பது மேல்நாட்டான் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஏறக்குறைய 1500 வருஷங்களுக்கு முன்பே ஆரியபட்டர் என்ற கணித நூலார், பூமியின் நிழலே நிலவை மறைக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார். பஞ்சாங்கக்காரன் கிரகணத்தின் நாழிகையைக் கணிப்பதும் அந்த நிழல் கணக்கை வைத்துத்தான்; பாம்பின் பசியை வைத்தல்ல. கணக்குப் போடும்போது நிழல். தட்சிணை கேட்கும்போது பாம்பு. இதைத்தான் நான் புரட்டு என்கிறேன்.

நாலாம் பிறை

நிற்க. நிலவோடு செயற்கைக்கோளைச் சேர்த்துப் பார்க்கத் தோதான காலம் எது என்று பார்ப்போம். அமாவாசை கழித்து மூன்றாம் பிறை, நாலாம் பிறை, ஐந்தாம் பிறை தெரிகிற மாலை வேளைகள் மிகத் தோதானவை. ஏனென்றால், அப்போது நமக்கு இருட்டத் தொடங்கிவிடுகிறது. மேலே 420 கிலோமீட்டரில் இன்னும் வெயில் இருக்கிறது. பிறையும் மேற்கே தெரிகிறது. அந்தப் பிறையை ஒட்டிச் செயற்கைக்கோள் பளிச்சென்று போகும். பௌர்ணமியையொட்டி நடு இரவில் குறுக்கே போனாலோ, அது நிழலுக்குள் இருப்பதால், வெளிச்சமான நிலவின் மேல் கறுப்பு உருவமாகத் தெரியும்.

ஆனால் நம் நாட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்? மூன்றாம் பிறை பார்த்தால் நல்லதாம். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடாம்! ஆவணி மாதம் சதுர்த்திப் பிறையைப் பார்த்துவிட்டால் வீண் பழி வருமாம். இதைக் கேட்ட பிள்ளை அன்று மாலை தலையைக் குனிந்துகொண்டே வீட்டுக்குள் ஓடுகிறது. வானத்தை அண்ணாந்து பார்க்கவேண்டிய வயதில் பிள்ளையைத் தரையைப் பார்க்கச் செய்வதைவிடப் பெரிய நஷ்டம் என்ன இருக்கிறது? நாலாம் பிறையைப் பார்த்தால்தான் பாடு என்றால், பார்க்காதவர்கள் எல்லாம் சுகமாக இருக்கவேண்டுமே! நிலம் போனவனும், கூலி குறைந்தவனும், வேலை இல்லாதவனும் எந்தப் பிறையைப் பார்த்தார்கள்? பாட்டுக்குக் காரணம் பூமியில் இருக்கும்போது, பழியைப் பிறையின் மேல் போடுவது யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

படம் பிடிக்கும் முறை

இனி, எப்படிப் பிடிப்பது என்று சொல்லுகிறேன். இந்த ஊரில் சுரங்கத்து விளக்கும் பவர் ஹவுஸ் விளக்கும் இரவெல்லாம் எரிவதால் மங்கலான நட்சத்திரங்களைப் பார்ப்பது கஷ்டம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். நிலவை எந்த விளக்கும் மறைக்காது. ஆகவே, இருட்டுத் தேடிக் காட்டுக்குப் போகாமல் நகரியத்திலிருந்தே செய்யக்கூடிய வான ஆராய்ச்சி இது.

முதலாவது, எந்த இடத்திலிருந்து, எந்த வினாடியில் என்று தெரியவேண்டும். செயற்கைக்கோள்களின் பாதைக் கணக்குகள் எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்படுகின்றன. நம் ஊர் எங்கே இருக்கிறது என்று சொன்னால், நிலவுக்குக் குறுக்கே எப்போது எது போகும் என்று கணித்துச் சொல்லும் செயலிகள் செல்போனிலேயே இருக்கின்றன. ஆனால் பழைய கணக்கை நம்பக்கூடாது. அவ்வளவு உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது செயற்கைக்கோளைச் சிறிது சிறிதாக இழுத்துப் பாதையை மாற்றும். ஆகவே அன்றைய கணக்கை அன்றே பார்க்கவேண்டும்.

இரண்டாவது, இடம். நேர் தலைக்குமேல் என்றால், குறுக்கே போவது தெரியும் நிலப்பட்டை நாலு கிலோமீட்டர் அகலந்தான். செயற்கைக்கோள் சாய்வாக எட்டப் போகும்போது அது அதிகப்படும். அந்தப் பட்டையில் நடுக்கோட்டில் நின்றால் நிலவின் நடுவே போகும். ஓரத்தில் நின்றால் ஓரத்தை உரசும். வெளியே நின்றால் பக்கத்தில் போகும். ஒரு வட்டத்தில் நின்றால் தெரிவது, சைக்கிளில் கொஞ்சதூரம் போனால் தெரியாமற் போகலாம்.

மூன்றாவது, வேகம். அது வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 420 கிலோமீட்டர் தூரத்தில் நிலவகலம் மறைக்கும் நீளம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர், ஏழரையால் வகுத்தால் அரை வினாடி. நான் முன்னே சொன்ன அரை வினாடி இப்படி வந்ததே தவிர, அசரீரி சொன்னதல்ல. காமிராக் கதவு ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் அது 150 மீட்டர் ஓடிவிடும். தன் நீளத்தைவிட அதிகம். படத்தில் வெறும் கோடுதான் விழும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் ஏழரை மீட்டர், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்றால் நாலு மீட்டருக்கும் குறைவு, உருவம் தெளியும்.

நாலாவது, நிலவும் நிற்பதில்லை. பூமி சுழல்வதால் ஏறக்குறைய இரண்டு நிமிஷத்தில் நிலவு தன் அகலத்தளவு நகர்ந்துவிடும். ஆகவே, அசையாத முக்காலியில் காமிராவையோ சிறு தொலைநோக்கியையோ பூட்டி, நிலவின் பள்ளங்கள் கூர்மையாகத் தெரியும்படி சரிசெய்து, சொன்ன வினாடிக்குச் சற்று முன்பிருந்தே விடாமல் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். வினாடிக்கு 60 படம் எடுக்கும் வீடியோ என்றால், அரை வினாடியில் 30 படத்தில் அது விழும். தொலைநோக்கி இல்லாதவர்கள் பைனாகுலர் வழியாகச் செல்போனை வைத்தும் முயலலாம். உருவம் தெரியாவிட்டாலும் புள்ளி விழும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். இதே செயற்கைக்கோள் சூரியனுக்குக் குறுக்கேயும் போகும். அதைத் தகுந்த சூரிய வடிகட்டி இல்லாமல் தொலைநோக்கியிலோ வெறுங்கண்ணிலோ பார்த்தால் கண் போய்விடும். இது தோஷமல்ல; வெளிச்சத்தின் கடுமை. நிலவைப் பார்ப்பதற்கு அந்தப் பயமே வேண்டாம். கிரகண நிலவையும் வெறுங்கண்ணால் தாராளமாகப் பார்க்கலாம், கர்ப்பிணிகளும் பார்க்கலாம்.

எது சோதிடம்? எது கணக்கு?

சோதிடன் என்ன சொல்லுகிறான்? "உனக்கு இன்று சந்திராஷ்டமம், காரியம் தடைப்படும்" என்கிறான். எந்தக் காரியம்? எத்தனை மணிக்கு? எந்த இடத்தில்? சொல்லமாட்டான். தடைப்பட்டால் "சொன்னேனே" என்பான். தடைப்படாவிட்டால் "குரு பார்வை காப்பாற்றியது" என்பான். நெய்வேலியில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அவர்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு பேருக்குச் சந்திராஷ்டமம் இருந்தே தீரும். அதற்காக எந்த ஷிப்டாவது நின்றிருக்கிறதா? எந்த இயந்திரமாவது சுற்ற மறுத்திருக்கிறதா?

கணக்கறிந்தவன் சொல்வது வேறு மாதிரி. "இந்தத் தேதி, இந்த மணி, இந்த நிமிஷம், இந்த வினாடியில், இந்தத் தெருவில் நின்றால், நிலவின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேறும்" என்கிறான். தவறினால் தவறு என்று பத்துப்பேர் காமிராவில் தெரிந்துவிடும். அவன் தப்பிக்க இடமே வைத்துக்கொள்வதில்லை. தவறாகப் போகக்கூடிய விதத்தில் சொல்லித் தவறாமல் நடத்திக் காட்டுவதுதான் அறிவு. எப்படி நடந்தாலும் சரியாகும்படி சொல்வது வயிற்றுப் பிழைப்பு.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய அத்தாட்சி உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் வான ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் கண்ணால் கண்டதற்கும் பழைய ஏட்டுக் கணக்குக்கும் வித்தியாசம் வருவதைப் பார்த்து, கண்டதற்கு ஒத்தபடி பஞ்சாங்கத்தைத் திருத்தவேண்டும் என்று சொன்னார். 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றையும் கண்டுபிடித்தார். 1874ஆம் வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போகப் போகிறது என்பதை ஜனங்களுக்கு விளக்க, நம் நாட்டு மொழிகளில் சிறு புத்தகம் எழுதி முன்கூட்டியே வெளியிட்டார். சொன்ன நாளில் சுக்கிரன் குறுக்கே போயிற்று. அவருடைய ஜாதியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஏட்டைவிடக் கண்ணே பெரிது என்றாரே, அதுதான் எனக்கு வேண்டியது. அவர் சொல்லி நூற்றைம்பது வருஷமாகியும், இன்னும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. வானம் ஒன்று, நிலவு ஒன்று; நேரம் மட்டும் இரண்டா?

காணாமற் போனதைக் கண்டுபிடித்த கதை

இதுவரை சொன்னவை நிலவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றுகிறவை. உண்மையாகவே நிலவைச் சுற்றுகிற கோள்களும் உண்டு. 2008ஆம் வருஷம் அக்டோபர் 22ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-1 போயிற்று. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கோதவாடி என்ற கிராமத்துக்காரர். 2009 ஆகஸ்டில் அதனோடு பேச்சு அறுந்துபோயிற்று. பிறகு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அது ஒன்றரை மீட்டர்ப் பெட்டி. நிலவின் தூரத்தில் அதைக் கண்ணால் தேடுவது, ஒரு தலைமுடியின் கனத்தைப் பதினெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அதுவும் நிலவின் கண்கூசும் வெளிச்சத்திற்குப் பக்கத்தில்! எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது.

2016ஆம் வருஷம் ஜூலையில் அமெரிக்க விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? கோல்ட்ஸ்டோன் என்ற இடத்திலுள்ள 70 மீட்டர் ஆண்டெனாவினால் நிலவின் வடதுருவத்துக்கு மேலே ரேடார் அலையை விட்டார்கள். சந்திரயான் துருவத்தின் மேலாகச் சுற்றுவதால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வழியாக வந்தே ஆகவேண்டும். அலை போய்த் திரும்ப இரண்டரை வினாடி. திரும்பி வந்த எதிரொலியை கிரீன் பேங்க் என்ற இடத்திலுள்ள 100 மீட்டர் ஆண்டெனா பிடித்தது. நாலு மணி நேரத்தில் இரண்டு தடவை ஒரு சிறு பொருள் குறுக்கே போனது தெரிந்தது. இடைவெளி 2 மணி 8 நிமிஷம். சந்திரயான் சுற்றவேண்டிய காலமும் அதுவே! பாதை பழைய கணக்குப்படியே இருந்தது. ஆனால் பாதையில் அது இருந்த இடம் அரைச் சுற்று மாறி இருந்தது. உடனே கணக்கைத் திருத்தினார்கள். பிறகு மூன்று மாதத்தில் இன்னும் ஏழு தடவை பார்த்து உறுதி செய்தார்கள். நிலவின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஏழு வருஷத்தில் அப்படி மாறியது. காணாமற் போன பொருளுக்கு வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர்களே! இதல்லவா மை போடுவது!

நிலவைச் சுற்றும் ஒரு கோளே மற்றொரு கோளைப் படம் பிடித்ததும் உண்டு. 2024 மார்ச்சில் அமெரிக்க நிலவுச் சுற்றுக்கலம், எதிர்த்திசையில் வந்த கொரிய தேசத்து தனூரி என்ற கலத்தைச் சில கிலோமீட்டர் தூரத்தில் படமெடுத்தது. இரண்டுக்கும் இடையே வேகம் மணிக்கு 11,500 கிலோமீட்டர். படத்தில் தனூரி பத்து மடங்கு நீண்டு பலகைபோல் விழுந்தது. 2021 அக்டோபரிலோ, அதே அமெரிக்கக் கலமும் நம் சந்திரயான்-2 கலமும் நிலவின் துருவத்துக்குமேல் மிக நெருங்கும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே கணித்து, நம்மவர்கள் சந்திரயான்-2ஐ நகர்த்தி வைத்தார்கள். எங்கே, எப்போது என்று கண்காணிப்பது வேடிக்கைக்காக மட்டுமல்ல என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்று சொல்லுகிறேன். 2019 செப்டம்பர் 7இல் சந்திரயான்-2இன் விக்ரம் இறங்குகலம் நிலவில் மோதி உடைந்தது. அது விழுந்த இடத்தை அமெரிக்கப் பெரிய நிறுவனம் தேடிக்கொண்டிருந்தபோது, சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சண்முக சுப்பிரமணியன் என்ற இன்ஜினீயர், அவர்கள் வெளியிட்ட படத்தைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்து, முன்னே எடுத்ததையும் பின்னே எடுத்ததையும் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, சிதறிய துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினார். டிசம்பரில் நாஸா அதைச் சரியென்று ஒப்புக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி வெளியிட்டது. அவர் விண்வெளி இலாகாவில் சம்பளம் வாங்கியவரல்லர். பொறுமையும் சந்தேகமும் உழைப்புமே அவருடைய தகுதி.

ஒரு கேள்வியும் பதிலும்

இங்கே ஒருவர் எழுந்து, "விஞ்ஞானிகளே ராக்கெட்டு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்களே, உமக்கென்ன அவர்களைவிட அறிவு அதிகமா?" என்று கேட்கக்கூடும். போனது உண்மைதான். 2023 ஜூலையில் சந்திரயான்-3 கிளம்புவதற்கு முன் மாதிரி உருவத்தோடு போனார்கள். 2019இல் சந்திரயான்-2க்கு முன்பும் அதன் தலைவர் போய்த்தான் வந்தார். இரண்டு தடவையும் கும்பிடு ஒன்றே. ஆனால் முதல் தடவை விழுந்தது. இரண்டாந் தடவை, 2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி, பத்திரமாக இறங்கியது. இடையில் மாறியது என்ன? இறங்குமிடத்தின் அளவை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக்கினார்கள், கால்களை உறுதிப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், கணிப்பொறிக் கட்டளைகளைத் திருத்தினார்கள், என்னென்ன தவறக்கூடும் என்று எழுதி வைத்து ஒவ்வொன்றையும் பரிசோதித்தார்கள். மாறாததை விட்டு மாறியதையே காரணம் என்று சொல்வதுதானே நியாயம்? அவர்கள் கும்பிட்டது அவர்கள் வீட்டுப் பழக்கம். கலம் இறங்கியது அவர்கள் கணக்கு. நாம் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார்? சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், இங்கிருந்து கூப்பிடு தூரத்து விழுப்புரத்தில், ரயில்வேயில் டெக்னீஷியனாக இருந்தவருடைய மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்து மேலே போனவர். சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் வனிதா என்ற பெண்மணி. ஒரு காலத்தில் பெண் என்றால் கிரகணத்தன்று அறைக்குள், சூத்திரன் என்றால் ஏட்டுக்கு வெளியே என்று வைத்திருந்த நாட்டில், அவர்கள் பிள்ளைகள் நிலவுக்கே கலம் விடுகிறார்கள். கதவு திறந்தால் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நெய்வேலிக்கு இது புதிதல்ல

தோழர்களே! இந்த ஊரே இதற்கு உதாரணம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவருடைய நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கறுப்பாய் ஏதோ வந்தது. பேய் பிசாசு என்று மூடிப் போட்டிருந்தால் அது மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும். எடுத்துப் பரிசோதித்தார்கள், பழுப்பு நிலக்கரி என்று கண்டார்கள். 1957 மே 20இல் வெட்டத் தொடங்கி, 1961 ஆகஸ்டில் கரியைத் தொட்டார்கள். கரிக்குக் கீழே ஊற்று நீர் அழுத்திக்கொண்டு சுரங்கத்தை மூழ்கடிக்கப் பார்த்தது. வருண ஜபம் செய்தா அதை நிறுத்தினார்கள்? அழுத்தம் எவ்வளவு என்று அளந்து, இரவு பகலாகப் பம்பு போட்டு இறைத்தார்கள், இன்றும் இறைக்கிறார்கள். பூமிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாததைத் துளை போட்டும் அளந்தும் அறிந்த உங்களுக்கு, வானத்தில் கண்ணுக்குத் தெரிவதை அளப்பதா கஷ்டம்?

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வட்டத்துக்கு நாலு பேர் சேருங்கள். எல்லோருமாகப் பணம் போட்டு ஒரு சிறு தொலைநோக்கி வாங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, எந்தத் தேதி, எந்த வினாடி, எங்கே நின்றோம், கணக்கு என்ன சொல்லியது, கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று எழுதி வாருங்கள். தெரியாத நாளையும் எழுதுங்கள். மேகம் மறைத்ததையும் எழுதுங்கள். சோதிடன் தப்பிப்போனதை எழுதி வைப்பதில்லை. நாம் எழுதி வைப்போம். சுற்றுக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். பெண் குழந்தைகளை முதலில் தொலைநோக்கியண்டை நிறுத்துங்கள். அடுத்த நாலாம் பிறையன்று மாலை வீட்டோடு வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். மறுநாள் உங்களுக்கு என்ன கெடுதல் வந்தது என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்ப்போம். பிறை வென்றதா, பயம் வென்றதா என்று அந்த நோட்டே சொல்லும்.